இழிசொல்லும் எதிர்ப்புரையும்: போராட்டப் பாடல்களிலும் முழக்கங்களிலும் இனவெறுப்பின் எல்லை

1952ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஐதராபாத் மாணவர்கள் எழுப்பிய முழக்கங்களுள் இரண்டு இன்றும் நினைவுகூரப்படுகின்றன. முல்கி அல்லாதார் திரும்பிப் போகவேண்டும் என்பது ஒன்று. ‘இட்லி சாம்பார், கோ பேக்’ என்பது மற்றொன்று. சிட்டி கல்லூரிப் பகுதியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு ஏற்பட்ட அந்தப் போராட்டத்தின் காரணம் வேலைவாய்ப்பு. 1948இல் நிசாம் ஆட்சி முடிவுற்ற பின்னர்ச் சென்னை மாகாணத்திலிருந்து அலுவலர்களும் ஆசிரியர்களும் பெருமளவில் வந்து பணியிடங்களை நிரப்பினர் என்பது குறை. குறை ஒன்றே, ஆயின் அதனை வெளியிட்ட இரு தொடர்களும் மொழிநிலையில் ஒன்றல்ல. முல்கி என்பது 1919இன் விதிகளால் வரையறுக்கப்பட்ட சட்டத் தகுதி. பிறப்பால் அதைப் பெறாதவரும் பதினைந்து ஆண்டுகள் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்து அதனைப் பெற இயலும். இட்லி சாம்பாருக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. உண்பொருளின் பெயர் உண்பாருக்கு ஆகிவந்த இந்த ஆகுபெயர், அன்றைய சென்னை மாகாணத்துத் தெலுங்கரையும் தமிழரையும் ஒரே இலையில் அமர்த்தியது. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் ஒருவர் அப்பெயரிலிருந்து வெளியேற வழியில்லை. காலை உணவை மாற்றிக்கொண்டாலும் இல்லை. (அம்முழக்கம் ஒலித்த நகரில் இன்று இட்லிக் கடை இல்லாத தெருவைக் காண்பது அரிது என்பது வேறு செய்தி.)

இந்த வேறுபாடு, ராப் பாடல்களையும் போராளிகளின் மேடைப்பேச்சையும் பற்றிப் பல நாடுகளில் எழும் வழக்கு ஒன்றுக்குத் தொடக்கமாக அமையத்தக்கது. ஒடுக்கப்பட்டோர் தம்மை ஒடுக்கியவரைச் சினந்து பாடும்போது அப்பாட்டு இனவெறுப்பாகுமா? ஆகும் என்பார், எச்சமூகத்தை எச்சமூகம் இழித்தாலும் இழிவு இழிவே என்பர். ஆகாது என்பார், அதிகாரமில்லாதவரின் வெறுப்பு இனவெறியாக இயங்க இயலாது என்பர். இரு தரப்பாரும் பேசுவோரின் நிலையைப் பற்றியே பேசுகின்றனர். பேசப்பட்ட சொல்லின் அமைப்பைப் பார்ப்பதில்லை.

இனம், சாதி, ஜாதி

முதலில் கலைச்சொல்லின் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். தமிழில் இனம் என்பது வகை, உறவு, மக்கட்பிரிவு, தேசியம் எனப் பலவற்றையும் தழுவும். தென்னாப்பிரிக்க நிலையைக் குறிக்க நிறவெறி என்றும், இலங்கை நிலையைக் குறிக்க இனவாதம் என்றும் தமிழர் வேறுவேறு சொற்களை ஆள்கின்றனர். தெலுங்கில் ஜாதி என்பது பெரும்பாலும் தேசியத்தையும் மனித இனத்தையும் குறிக்கும். தமிழில் சாதி எனப்படுவதற்குத் தெலுங்கில் குலம் என்பதே பெருவழக்கு. எனவே தெலுங்கு மேடைப்பேச்சு ஒன்றில் ‘ஜாதி விவக்ஷ’ எனவருவதைச் ‘சாதிப் பாகுபாடு’ எனத் தமிழாக்குபவர் குற்றச்சாட்டையே மாற்றிவிடுகிறார். இது சிறு பிழையன்று. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1968இல் ஏற்றுக்கொண்டது. அதன் முதற்கூறு இனம், நிறம், மரபுவழி, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றை எண்ணுகிறது. மரபுவழி என்னும் சொல்லில் சாதி அடங்கும் என்பது அவ்வுடன்படிக்கைக் குழுவின் 2002ஆம் ஆண்டுக் கருத்து. அடங்காது என்பது இந்திய அரசின் நிலை. 2001இல் டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் எழுப்பிய வாதமும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியதே. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் சொல் ஒரு வழக்கின் பக்கத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

சட்டத்தின் இரு விடைகள்

இந்தியச் சட்டம் இவ்வினாவுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு விடைகளை ஒருங்கே வைத்துள்ளது. பழைய தண்டனைச் சட்டத்தின் 153அ பிரிவும், 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 196ஆம் பிரிவும், மதம், இனம், பிறப்பிடம், வாழிடம், மொழி, சாதி ஆகியவற்றின் அடிப்படையில் பகைமை வளர்ப்பதைக் குற்றமாக்குகின்றன. பேசுபவர் யார் என அவை கேட்பதில்லை. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ முதலில் அதையே கேட்கிறது. இழிவுபடுத்தியவர் அச்சமூகங்களைச் சேராதவராக இருந்தால்தான் அச்சட்டத்தின்படி குற்றம். முன்னது சமனான விடை. பின்னது சமனிலாச் சமூகத்தைக் கணக்கில் கொண்ட விடை.

2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் மொழியியலாருக்கு மகிழ்ச்சி தரும் ஒரு கருத்தைக் கூறியது. சமார் என்பது ஒரு சாதியின் பெயர் ஆதலால் அதனால் விளித்தல் இழிவாகாது என்னும் வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. சொல்லின் வேர்ப்பொருள் அன்று, இன்றைய வழக்குப்பொருளே கொள்ளத்தக்கது என்றது. சில ஆண்டுகளின் பின் பஞ்சாபின் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி என்னும் இளம் பாடகி அதே பெயரைத் தம் பாடலின் தலைப்பிலேயே ஏந்திப் பெரும்புகழ் பெற்றார். மன்றம் கூறியதும் பாடகி செய்ததும் முரணல்ல. விளிச்சொல்லாக வரும்போது இழிவாகும் பெயர், தன்மையிடத்துப் பெயராக வரும்போது எதிர்ப்பாகிறது. ஒரு சொல்லுக்கு இடவேறுபாட்டால் பொருள் மாறுவதைச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இனவெறுப்பைத் தேடுபவர் காண இயலாது.

ஐதராபாத்தோடு தொடர்புடைய மற்றொரு தீர்ப்பும் நோக்கத்தக்கது. காசுமீரில் இராணுவம் கொடுமை இழைக்கிறது என இந்நகரில் இளைஞரிடையே பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பிலால் அகமது காலூ வழக்கில் (1997), பகைமை வளர்த்தல் என்னும் குற்றத்திற்குக் குறைந்தது இரு சமூகங்கள் சுட்டப்பட்டிருக்க வேண்டும் என உச்சநீதிமன்றம் கொண்டது. இராணுவம் என்பது ஒரு சமூகத்தின் பெயரன்று. இங்கு நீதிபதிகள் அறியாமலே ஒரு பழைய இலக்கண நெறியைத் தொட்டுள்ளனர் எனலாம்.

பெயரியல் காட்டும் வழி

தொல்காப்பியம் உயர்திணைப் பெயர்களை வகுக்கும்போது நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் எனப் பிரிக்கிறது. சோழியன் நிலப்பெயர், சேரமான் குடிப்பெயர், அவையத்தார் குழுவின் பெயர், தச்சன் வினைப்பெயர், அம்பர்கிழான் உடைப்பெயர், கரியான் பண்புகொள் பெயர் என உரைமரபு எடுத்துக்காட்டுத் தரும். இப்பாகுபாடு வசைக்காக வகுக்கப்பட்டதன்று. ஆயினும் போராட்ட மொழியை ஆய்வதற்கு இதனினும் கூரிய கருவி இதுகாறும் வந்த ஆணைய அறிக்கைகளில் இல்லை. வெறுப்புப் பேச்சு பற்றிய சட்ட ஆணையத்தின் 267ஆம் அறிக்கை (2017) புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது; பெயரின் வகையை அது கருதவில்லை. தச்சன் தொழிலை விடலாம். கிழான் நிலத்தை இழக்கலாம், கொடுத்தும் விடலாம். அவையத்தார் அவையை விட்டு எழுந்து போகலாம். சேரமான் சேரமானாகவே இறக்கவேண்டும். பகைவனை எவ்வகைப் பெயரால் ஒரு பாடல் அழைக்கிறது என்பது, அப்பகைவன் பகைவனாக இல்லாதுபோக அப்பாடல் வழிவிடுகிறதா என்பதைக் காட்டும்.

தெலங்காணா ஆயுதப் போராட்டக் காலத்தில் (1946–51) பண்டி யாதகிரி இயற்றி, ‘மா பூமி’ திரைப்படத்தில் கத்தர் பாடியதால் நாடறிந்த பாடலை இவ்வளவையால் நோக்கலாம். அதன் விளி நிசாமின் சர்க்காரை நோக்கியது. சர்க்கார் என்னும் அஃறிணைச் சொல், தெலுங்கின் மரியாதையற்ற ஆண்பால் ஒருமை விகுதியேற்று, எதிரில் நிற்கும் ஒரு மனிதனைப் போல விளிக்கப்படுகிறது. மண்ணில் புதைப்போம் என்னும் அளவுக்குச் சினம் கொண்ட பாட்டு அது. ஆயினும் அந்த விளி நிசாமின் மதத்தாரை நோக்கியதன்று. வன்முறையைத் தூண்டுகிறதா என்பது தனிவினா; அதற்கு வேறு சட்டமும் வேறு அளவையும் உண்டு. இனவெறுப்பா என்னும் வினாவுக்கு விடை, இல்லை என்பதே.

இவ்விரு வினாக்களையும் குழப்புதல் அமெரிக்காவில் பெருவழக்கு. 1992இல் ‘காப் கில்லர்’ என்னும் பாடல் பெருங்கண்டனத்துக்கு உள்ளாகி இசைத்தொகுப்பிலிருந்தே நீக்கப்பட்டது. (ராப் எனக் கூறி ஏசப்பட்ட அப்பாடல் உண்மையில் ராப் அன்று, ராப் பாடகர் ஐஸ்-டி தம் கனராக் குழுவோடு பாடியது.) அது காவலரைக் கொல்வது பற்றியது. காவலர் என்பது வினைப்பெயர். அதற்கு முந்திய ஆண்டில் ஐஸ் கியூப் வெளியிட்ட ‘பிளாக் கொரியா’ என்னும் சிறு பாடல், லாஸ் ஏஞ்சலிசின் கொரியக் கடைக்காரரைக் குடிப்பெயரால் இழித்து அவர் கடைகளை எரிப்பதாக மிரட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் கறுப்பினச் சிறுமி ஒருத்தி ஒரு கொரியக் கடையில் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமை அதன் பின்னணி. துயரம் உண்மை, சினம் நியாயம். ஆனால் சுட்டவர் ஒருவர். பெயர் ஒரு குடிக்கு உரியது. நாட்டுத் தலைவர்களை அதிரவைத்தது முன்னைய பாடலே. இனவெறுப்பு எனத்தக்கது பின்னையது. அதிகாரமில்லாதவரின் வெறுப்பு வெறுப்பாகாது என்னும் வாதமும் இங்குத் தடுமாறுகிறது. அந்தக் கடைத்தெருவில் எவர் கையில் அதிகாரம் இருந்தது என்பதற்கு இரு சமூகமும் இருவேறு விடை சொல்லும்.

சமன்நிலைவாதிகளுக்கும் வரலாறு ஓர் எச்சரிக்கை வைத்துள்ளது. பிரித்தானியா 1965இல் இயற்றிய இன உறவுச் சட்டம் வந்தேறிகளாகக் கருதப்பட்ட கறுப்பினத்தாரைக் காக்கப் பிறந்தது. அதன்கீழ்த் தொடக்கத்திலேயே சிறைசென்றோருள் ஒருவர் மைக்கேல் எக்ஸ் எனப்பட்ட கறுப்பினப் பேச்சாளர். 1967இல் வெள்ளையருக்கு எதிராகப் பேசியமைக்காக அவருக்குப் பன்னிரு திங்கள் தண்டனை விதிக்கப்பட்டது.

குடிப்பெயரைத் தவிர்ப்பதன் விலை

பெயரின் வகை ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது என்பதை ஆந்திர நாட்டின் நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்குகிறது. 1985 சூலை 17 அன்று பிரகாசம் மாவட்டத்துக் காரம்சேடு என்னும் ஊரில் மாதிகர் அறுவர் கம்மவார் நிலக்கிழார்களால் கொல்லப்பட்டனர். இடதுசாரி மரபின் கலைச்சொல் பூசுவாமி, அதாவது நிலவுடைமையாளன் என்பது. அது உடைப்பெயர், மேற்கூறிய அளவையின்படி குற்றமற்றது. ஆனால் கொலையுண்டோர் கூலிகள் என்பதற்காக மட்டும் கொலையுண்டாரல்லர்; மாதிகர் என்பதற்காகக் கொலையுண்டார். கொன்றோரின் சாதியையும் கொலையுண்டோரின் சாதியையும் பெயர்சொல்லிக் கூறவேண்டும் என்பது கத்தி பத்மராவ், பொஜ்ஜா தாரகம் ஆகியோர் முன்னின்ற தலித் மகாசபையின் நிலையாயிற்று. உடைப்பெயரால் மட்டும் பேசுவது நாகரிகமாகத் தோன்றினும் அது கொலையின் காரணத்தை மறைத்தது. குடிப்பெயரைக் கூறுவதே இனவெறுப்பு எனின், சாதிக் கொடுமைக்கு ஆளானவர் தம்மைத் தாக்கியது யார் எனச் சொல்லவும் வாயில்லாதவராவர்.

எனவே பெயரோடு அதன் பயனிலையையும் நோக்க வேண்டும். ‘அச்சாதியார் இவ்வூரில் இந்நாளில் கொன்றனர்’ என்பது இறந்தகால வினைமுற்று. அது சான்றுக்கு உட்பட்டது, மறுக்கவும் கூடியது. ‘அச்சாதியான் கொல்வான்’ என்பது முக்கால இயல்பு. அதற்குச் சான்றும் வேண்டா, மறுப்பும் இல்லை. தமிழில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. பன்மை உயர்திணைப் பெயர் ஒருமையாகி, ‘-ஆன்’ ஈறு பெற்று, எதிர்கால வடிவ வினையைக் கொள்ளும்போது ஒரு மனிதன் மறைந்து ஒரு வகை தோன்றுகிறான். சங்கப் பாட்டில் இழிவின்றி வழங்கிய பார்ப்பான் என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் மேடையில் பெற்ற மாற்றம் வேரில் நிகழ்ந்ததன்று. அந்த எதிர்கால வினையின் சேர்க்கையில் நிகழ்ந்தது. அம்மேடைகளில் பார்ப்பனியம் என்னும் கருத்துப்பெயரும் உடன் வழங்கியது. இரண்டும் ஒரே பேச்சில் மாறிமாறி வரும். எந்த இடத்தில் எது என்று பார்க்காமல் முழுப் பேச்சுக்கும் ஒரு முத்திரை குத்துவது திறனாய்வாகாது.

ஆந்திரர் என்னும் பெயர்

தெலங்காணா மாநிலப் போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் (2009–14) எழுந்த மொழி இவ்வளவைகளுக்கெல்லாம் கடினமான சோதனை. ‘தெலங்காணாக்காரர் விழித்தெழுக, ஆந்திரர் ஓடுக’ என்னும் பொருள்பட தக்கணி உருதுவில் ஒலித்த முழக்கம் நிலப்பெயரைக் கொண்டது. ஏவல்வினையைப் பயனிலையாகக் கொண்டது. 1952இன் இட்லி சாம்பாரின் நேர்வழித்தோன்றல் என அதைக் கூறலாம். மும்பையில் 1966இல் தோன்றிய சிவசேனையின் லுங்கி எதிர்ப்பு முழக்கமும், தென்னவர் பேச்சின் நாமடி ஒலிகளை நையாண்டி செய்து அவர்களை ‘யண்டுகுண்டு’ என அழைத்தமையும் இதே குடும்பத்தவை. உணவு, உடை, ஒலி ஆகியவை பெயராகும்போது எதிராளியின் வாதம் கேட்கப்படாமலே போகிறது.

ஆயின் ஆந்திரர் என்னும் பெயரின் வரலாறு வியப்புக்குரியது. ஐதராபாத்தில் 1901இல் தோன்றிய தெலுங்கு நூலகத்தின் பெயர் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம். நிசாமின் தெலங்காணத்தில் தெலுங்கு மொழி உரிமைக்காக 1930இல் ஜோகிப்பேட்டையில் சுரவரம் பிரதாபரெட்டி தலைமையில் கூடிய மாநாடு ஆந்திர மகாசபை. அன்று தெலங்காணத்தார் தமக்கே இட்டுக்கொண்ட பெயர், நாற்பதாண்டுகளுக்குள், 1969இன் கிளர்ச்சியில் அயலாரின் பெயராயிற்று. குடிப்பெயரைப் போல மாறாததாக அது ஒலித்தாலும் உண்மையில் மாறியே வந்தது. 2014 சூன் 2 அன்று மாநிலம் உருவான பின் முழக்கம் தன் பயனை இழந்தது. 2016இல் நடந்த ஐதராபாத் மாநகராட்சித் தேர்தலில் போராட்டக் கட்சி 150 இடங்களுள் 99ஐ வென்றது. கடற்கரை மாவட்டத்தார் மிகுந்து வாழும் குகட்பள்ளி போன்ற பகுதிகளும் அவற்றுள் அடங்கும். இதைக்கொண்டு முழக்கத்தில் வெறுப்பு இல்லை என முடிவுகட்டுவது எளிது, ஆயினும் பொருந்தாது. ‘ஓடுக’ எனக் கேட்டுக்கொண்டே அந்த ஐந்தாண்டுகளைக் கழித்த குடும்பங்களின் அச்சம் பின்னைய வாக்குக் கணக்கில் பதிவதில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. அதுவே அதிகம் பேசப்படாதது. தெலங்காணத் தெலுங்கில் ‘-ஓள்ளு’ என்பது இயல்பான பலர்பால் ஈறு. தம் வீட்டாரையும் ஊராரையும் அவ்வாறே குறிப்பர். கடற்கரைத் தெலுங்கை அளவுமொழியாகக் கற்றவர் செவிக்கு அது மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது. ‘-வாரு’ என்னும் ஈற்றை அவர் எதிர்பார்க்கிறார். ‘ஆந்திரோள்ளு’ எனக் கேட்டவர் பலர் தாம் இழிக்கப்பட்டதாக உணர்ந்தமைக்கு இவ்வீறும் ஒரு காரணம். ஈறு தரும் இழிவு கேட்போரின் கிளைமொழியில் உள்ளது, பேசுவோரின் கிளைமொழியில் இல்லை. இதே தெலங்காணப் பேச்சு பல பத்தாண்டுகள் தெலுங்குத் திரைப்படங்களில் அடியாளுக்கும் கோமாளிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது போராட்டத்தின் மையமான மனக்குறைகளுள் ஒன்று. அங்கு இழிசொல் ஒன்றுகூட இல்லை; மதிப்பு விகுதிகள் முறையாக இருந்தன; ஒரு மக்களின் ஒலிப்பே நகைப்பொருளாக்கப்பட்டது. மேடையில் ஒருமணிநேரம் கத்தியவர்மீது பாயும் சட்டப்பிரிவு, மூன்று தலைமுறைகளாகத் திரையரங்கில் சிரித்தவர்மீது பாய்ந்ததில்லை, பாயவும் இயலாது.

மொழிபெயர்ப்பாளர் கையில்

தென்னாப்பிரிக்காவில் ‘போயரைக் கொல்’ என ஆங்கில உலகில் அறியப்பட்ட விடுதலைப் பாடல், சமத்துவ நீதிமன்றத்தால் 2011இல் வெறுப்புப் பேச்சு எனத் தீர்க்கப்பட்டது; 2022இல் அதே வகை மன்றம் அவ்வாறன்று என்றது; 2024இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை உறுதிசெய்தது; 2025இல் அரசியலமைப்பு மன்றமும் தலையிட மறுத்தது. பதினான்கு ஆண்டுகள் நீண்ட அவ்வழக்கின் நடுவே நின்றது ஒரு பெயர்ச்சொல். போயர் என்பது வேர்ப்பொருளில் உழவன். வழக்கில் ஆப்பிரிக்கானர் குடி. போராட்டப் பாட்டில் நிறவெறி அரசு. ஒரே சொல்லில் வினைப்பெயரும் குடிப்பெயரும் குழுவின் பெயரும் அடுக்கப்பட்டிருக்க, எந்த அடுக்கில் கேட்பது என்பதே தீர்ப்பு.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் போராட்டப் பாடல்களிலும் இதனோடொத்த சொல் ஒன்று உண்டு. அது தொர. தெலங்காணத்தில் தொர என்பவர் கிராமத்தை ஆண்ட நிலக்கிழார். பெரும்பாலும் வெலமர் அல்லது ரெட்டி குலத்தவர். உடைப்பெயராகத் தொடங்கி, வெலமரை மதிப்போடு விளிக்கும் குடிப்பெயர்ச் சாயலையும் அது ஏற்றுள்ளது. தமிழில் அதன் உடன்பிறப்பாகிய துரை என்பதை நேராகப் பெய்பவர் அறியாமலே பாட்டின் பகைவனை வெள்ளைக்காரனாக்கிவிடுகிறார். காரம்சேட்டுக்கும் கரீம்நகருக்கும் உரிய சினம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. நிலக்கொடுமையைப் பாடிய பாட்டு நிறத்தைப் பாடியதாகிறது. பண்ணையார் என்றால் ‘-ஆர்’ ஈறு வந்து சினத்தைத் தணிக்கிறது; பண்ணையான் எனத் தமிழ் வழங்குவதில்லை. ஜமீன்தார் என்பது வேறொரு நிலவரி முறையைச் சேர்ந்தது. நிலக்கிழான் என்பது பொருளால் நெருங்கியது, ஒருமையும் கிடைக்கிறது. ஆனால் பறையடித்துப் பாட வராது. தொர என்றே வைத்து, முதல் வருகையில் பாட்டின் சூழலாலேயே அதன் பொருளை உணர்த்துவது இவற்றுள் குறைந்த இழப்புடையது. விளியில் ‘தொரா’ என நீளும்போது அது தமிழ்ச் செவிக்கு அயலாகவே ஒலிக்கும்.